கருமையான சருமம் என்றாலே வார்ம் அண்டர்டோனா?

"கருமையான சருமம் எல்லாமே வார்ம் அண்டர்டோன்தான் (மஞ்சள், பொன் பக்கம் சாயும் அடிச்சாயல்), மஞ்சள் கலந்த ஃபவுண்டேஷன் போதும். சந்தேகம் இருந்தால் மணிக்கட்டு நரம்பைப் பாருங்கள், பச்சையாகத் தெரிந்தால் வார்ம்" என்று ஒரு தகவல் சுற்றிவருகிறது. இதை நம்ப வேண்டாம்.

நிறத்தின் அடர்த்தி வேறு, அதற்கு அடியில் தெரியும் சாயல், அதாவது அண்டர்டோன், வேறு. கருமையான சருமத்திலும் பொன்மஞ்சள், சிவப்பு, நீலச் சாயல், பச்சை கலந்த ஆலிவ், எந்தப் பக்கமும் சாயாத நியூட்ரல் எல்லாம் உண்டு. நீலச் சாயல் உள்ளவர் மஞ்சள் ஃபவுண்டேஷன் போட்டால் முகம் மட்டும் கழுத்திலிருந்து தனியாகத் தெரியும்.

நரம்புச் சோதனை இங்கே இன்னும் பலவீனமானது. சருமத்துக்கு நிறம் தரும் மெலனின் அதிகமுள்ளவர்களில் நரம்பே பலருக்குத் தெளிவாகத் தெரியாது. தெரிந்தாலும், மேலே இருக்கும் மெலனின் அதன் நிறத்தை மாற்றிக் காட்டும்.

சரி, எப்படித்தான் பார்ப்பது? ஒரே அடர்த்தியில், வெவ்வேறு சாயலில் இரண்டு மூன்று ஷேடுகளைத் தாடையிலிருந்து கழுத்து வரை கோடாகத் தடவுங்கள். சில ஃபவுண்டேஷன்கள் காய்ந்ததும் கருத்துவிடும்; அதனால் கொஞ்ச நேரம் விட்டு, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். எது சருமத்தோடு கலந்து மறைகிறதோ அதுதான் உங்கள் ஷேடு. சாம்பல் பூத்தது போலத் தெரிந்தால் பெரும்பாலும் ஷேடு வெளிறியது, அல்லது சாயல் பொருந்தவில்லை. தவறு உங்கள் நிறத்தில் இல்லவே இல்லை. அப்புறம், நெற்றியும் வாயோரமும் பலருக்குக் கூடுதலாகக் கருத்திருக்கும். அவற்றை வைத்து ஷேடு தேர்ந்தெடுக்காதீர்கள்.