போர்டிங் பாஸ் இருக்கிறது, பணம்தான் வரவில்லை

எங்க மைனி நாகர்கோவிலில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் கிளார்க். 2023-ல் எல்டிசி (அரசு ஊழியர் விடுப்பில் ஊர் சுற்றிவர அரசே பயணச் செலவைக் கொடுக்கும் சலுகை) போட்டு குடும்பத்தோடு காஷ்மீர் போய்வந்தார். திருவனந்தபுரத்தில் ஏறி, டெல்லியில் மாறி, ஸ்ரீநகர். வாழ்க்கையில் முதல் விமானப் பயணம். டிக்கெட் எடுத்தது வருஷக்கணக்காகப் பழக்கமுள்ள ஒரு டிராவல்ஸில். வந்து பில் போட்டால் மொத்தமும் தள்ளுபடி! "ஆத்தரைஸ்டு ஏஜென்ட் இல்லம்மா" என்று ஒரே வரியில் பதில். வாங்கிய முன்பணத்தையும் சம்பளத்தில் பிடித்தார்கள்.

விதி இருப்பது உண்மை. ஏர் இந்தியா டாடா கைக்குப் போகும் நேரத்தில், 2021 டிசம்பர் 31-ல் நிதியமைச்சகம் ஓர் உத்தரவு போட்டது. எந்த விமானத்திலும் போகலாம். டிக்கெட்டை மட்டும் பாமர் லாரி, அசோக் டிராவல்ஸ், ஐஆர்சிடிசி இந்த மூன்றில்தான் எடுக்க வேண்டும். மூன்றுமே பொதுத்துறை. விமான நிறுவனத்தின் வெப்சைட்டிலேயே நேராக எடுத்தாலும் செல்லாது என்பதுதான் எனக்குப் புரியவே இல்லை.

கள்ள பில்லைத் தடுக்க என்பார்கள். கள்ளம் நடந்திருக்கிறது, மறுக்கவில்லை. போகாத பயணத்துக்குப் போலி டிக்கெட்டும் போலி போர்டிங் பாஸும் காட்டிப் பணம் வாங்கிய வழக்கில், மாநிலங்களவை முன்னாள் உறுப்பினர் ஒருவருக்கே 2022-ல் டெல்லி நீதிமன்றம் சிறைத்தண்டனை கொடுத்தது. ஆனால் அதற்கு மருந்து, ஆள் பறந்தாரா, கட்டணம் எவ்வளவு என்று விமான நிறுவனத்திடம் கேட்பது. பிஎன்ஆர் நம்பர் இருந்தால் போதும். எந்தக் கடையில் வாங்கினாய் என்று கேட்டு என்ன தெரியப்போகிறது?

ஐஆர்சிடிசியில் ஃபோனிலேயே எடுத்திருக்கலாமே என்பீர்கள். எடுத்திருக்கலாம்தான். லீவு சாங்ஷன் பண்ணும்போது ஒருவர்கூட அதைச் சொல்லவில்லையே!

மைனி அந்த போர்டிங் பாஸ்களை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு பீரோவில் வைத்திருக்கிறார். தெர்மல் பேப்பர். பெயர் மங்கி, இப்போது வெளிச்சத்தில் பிடித்தால்தான் தெரிகிறது. "பிள்ளே, நான் என்ன கள்ளமா பண்ணினேன்?" என்று கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை.

தவிர்க்க முடியாத நிலையில் வேறு இடத்தில் எடுத்திருந்தால், இணைச் செயலர் அந்தஸ்துக்குக் குறையாத துறைத் தலைவர் தளர்வு தரலாம் என்று 2022 ஜூன் உத்தரவில் இருக்கிறது. நாகர்கோவில் கிளார்க்கின் ஃபைல் அவ்வளவு தூரம் ஏற வேண்டும். அப்படித் தளர்வு வாங்கியவர்கள் யாராவது இருந்தால், மனு எப்படி எழுதினீர்கள் என்று இன்பாக்ஸில் சொல்லுங்கள். இந்த வாரமே எழுதிக் கொடுக்கப்போகிறேன்.