அந்த ஆட்டத்தை ஏன் விட்டீர்கள்?
நடுவர்களும் மனிதர்கள்தானே என்று, நடுவர்களின் தவறுகளைப் பற்றிய உங்கள் கட்டுரை முடிந்துவிடுகிறது. சரி, ஆனால் 2019 ஜனவரியில் நியூ ஆர்லியன்ஸில் நடந்த செயின்ட்ஸ் - ராம்ஸ் ஆட்டத்தைப் பற்றி, அதாவது அமெரிக்கக் கால்பந்து லீக்கின் என்.எப்.சி. பிரிவு இறுதியாட்டத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே? 20-20 சமநிலை, இரண்டு நிமிடம்கூட மீதமில்லை. பந்து வந்து சேரும் முன்பே செயின்ட்ஸின் டாமிலீ லூயிஸை ராம்ஸின் ராபி-கோல்மன் மோதித் தள்ளுகிறார். அது விதிமீறல், ஆனால் தவறைக் காட்ட நடுவர்கள் வீசும் கொடி ஒன்றுகூட விழவில்லை! அப்புறம் லீக் அதிகாரியே செயின்ட்ஸ் பயிற்சியாளர் ஷான் பேட்டனிடம் தவறை ஒப்புக்கொண்டாராம். என்ன பயன்? ராம்ஸ் 26-23 என்று வென்று லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலுக்குப் போய்விட்டது. (கூடுதல் நேரத்தில் பந்து முதலில் செயின்ட்ஸுக்குத்தான் கிடைத்தது, அந்த அணியில் பந்தை வீசும் பிரீஸ் அதை எதிரணியிடம் பறிகொடுத்தார். அதையும் சொல்லத்தான் வேண்டும்.) அடுத்த சீசனில் இந்த வகைத் தவறையும் வீடியோவில் மறுபடி பார்க்கலாம் என்று விதி கொண்டுவந்தார்கள். ஒரே வருடத்தில் அதையும் தூக்கிவிட்டார்கள்.