எட்டிப் பார்த்ததெல்லாம் ஆசையா?

தெருவில் சண்டைச் சத்தம் கேட்டால் எவரும் எட்டிப் பார்ப்பார்கள். அதற்காகத் தினமும் வாசலில் ஒரு சண்டையைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, "நீங்க பார்த்தீங்களே, அதான்" என்றால் பற்றிக்கொண்டு வராதா?

"மக்கள் விரும்புவதைத்தான் காட்டுகிறோம்" என்று ஃபேஸ்புக், யூடியூப் போன்ற சமூக ஊடக நிறுவனக்காரர்கள் கூசாமல் சொல்கிறார்கள். விருப்பத்தை எதை வைத்து அளக்கிறார்கள்? விரல் எங்கே நின்றது, எத்தனை நொடி நின்றது, கமெண்ட் போட்டோமா, ஷேர் செய்தோமா. எப்போதாவது ஒரு சர்வே நீட்டுவார்கள்; மற்றதெல்லாம் இதுதான். விபத்து வீடியோவைப் பார்த்துப் பதறி உறைந்த நான்கு நொடியும், பிடித்த பாட்டில் லயித்த நான்கு நொடியும் அந்தக் கணக்கில் ஒரே நான்கு நொடி!

கோபத்துக்கு இன்னும் மவுசு. எந்தப் பதிவை மேலே காட்டுவது என்று கணக்குப் போடும்போது, ஃபேஸ்புக் 2017-இல் கோப முகத்துக்கு லைக்கைப் போல 5 மடங்கு மதிப்புக் கொடுத்தது. அதைப் பூஜ்யமாக்க 2020 ஆயிற்று. ட்விட்டர் (இன்றைய எக்ஸ்) 2023-இல் வெளியிட்ட இதே மாதிரிக் கணக்கைப் பாருங்கள்: ஒரு பதிவுக்கு லைக் விழும் வாய்ப்புக்கு மதிப்பு 0.5, பதில் வரும் வாய்ப்புக்கு 13.5. அதாவது 27 மடங்கு. காறித் துப்பி எழுதினாலும் அது பதில்தான். வெறுப்பைச் சொல்லும் பட்டனுக்குக் கழித்தல் மதிப்பு உண்டு, சரி. ஆத்திரத்தில் இருப்பவர் மூன்று புள்ளி மெனுவைத் திறந்து அதைத் தேடிக்கொண்டா இருப்பார்?

தேடி அழுத்தினாலும் என்ன வாழ்கிறது? ஃபயர்பாக்ஸ் பிரவுசரைத் தரும் மோசில்லா 2022-இல் 20,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்து யூடியூபைச் சோதித்தது. வேண்டாத பரிந்துரைகளில் 'ஆர்வமில்லை' பட்டன் தடுத்தது 11%, டிஸ்லைக் 12%. பார்த்தவை பட்டியலிலிருந்து வீடியோவை நீக்கினால் 29%. சேனலையே பரிந்துரைக்காதே என்றால்தான் 43%. ஆக, கையில் கொடுத்ததிலேயே உருப்படியான ஆயுதம்கூடப் பாதிக் கிணறு தாண்டவில்லை. வாயைத் திறந்து "வேண்டாம்" என்று சொன்னால் காது கேட்காதாம், விரல் அரை நொடி தயங்கினால் மட்டும் கேட்குமாம்!

சரி, பார்த்தவை பட்டியலையே நிறுத்தி, பழையதையும் அழித்துவிட்டால்? 2023 ஆகஸ்டிலிருந்து யூடியூப் முகப்பு காலி. சப்ஸ்கிரைப் செய்த சேனல்களின் புது வீடியோக்களை அங்கே வரிசையாக வைத்தால் என்ன? இன்ஸ்டாகிராமும் 2022-இல் பதிவுகளைப் போட்ட நேர வரிசையில் பார்க்கும் வசதியைத் திருப்பிக் கொடுத்தது. ஆனால் நிரந்தரமாக வைத்துக்கொள்ள விடவில்லை. ஆப்பை மூடித் திறந்தால் பழைய குப்பை. பரிந்துரைகளை ஒத்திவைத்தாலும் 30 நாள்தான், பிறகு தானாகவே வந்து நிற்கும். நாங்களே தேர்ந்தெடுத்து ஃபாலோ செய்தவர்களின் பதிவு, போட்ட வரிசையில், முடிகிற இடத்தில் முடியட்டும். வாய்விட்டுக் கேட்பது இது ஒன்றைத்தான், அதை ஏன் ஒளித்து வைக்கிறீர்கள்?