டர்போ ரோட்டரிக்குச் சாதாரண பெட்ரோல் போதும் என்று சொல்லாதீர்கள்

ரோட்டரி என்ஜின் கொண்ட ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார் மாஸ்டா ஆர்எக்ஸ்-7. அதை வாங்க ஆசைப்படும் எவரும் இந்த அறிவுரையைக் கேட்காமல் இருக்க முடியாது: “ரோட்டரி என்ஜினுக்கு உயர் ஆக்டேன் பெட்ரோல் வீண் செலவு, சாதாரண பெட்ரோலே போதும்.” ஆக்டேன் என்பது பெட்ரோல் தானாக வெடிக்காமல் எவ்வளவு தாங்கும் என்பதற்கான எண். இந்த அறிவுரையைச் சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. என் கவலையும் அதனால்தான். டர்போ, அதாவது காற்றை அமுக்கி என்ஜினுக்குள் தள்ளும் கருவி, இல்லாத பழைய ரோட்டரிக்கு அது உண்மை. அதை அப்படியே டர்போ காருக்கும் பொருத்தும்போதுதான் நல்ல என்ஜின்கள் அநியாயமாகச் சாகின்றன.

ரோட்டரியில் பிஸ்டனுக்குப் பதிலாக முக்கோண வடிவ ரோட்டர் சுழலும்; வால்வுகளே கிடையாது. ஆகவே, எரியும் அறைக்குள் பழுக்கக் காய்ந்துகிடக்கும் எக்ஸாஸ்ட் வால்வும் இல்லை. பெட்ரோலும் காற்றும் சேர்ந்த புதுக் கலவை நுழையும் பக்கம் வேறு, எரியும் பக்கம் வேறு. அறையும் நீண்டு மெலிந்தது என்பதால் வெப்பம் சுவர்கள் வழியே விரைவாக வெளியேறிவிடுகிறது. இத்தனை சாதகங்கள் இருப்பதால் டர்போ இல்லாத பழைய ரோட்டரி குறைந்த ஆக்டேன் பெட்ரோலையும் நிம்மதியாகக் குடிக்கும். அந்தக் காருக்கு விலை கூடிய பெட்ரோல் போட்டால் ஆதாயம் ஏதுமில்லை.

டர்போ வந்ததும் கணக்கு மாறிவிடுகிறது. மாஸ்டா 1982-இல் காஸ்மோ காரில் டர்போ ரோட்டரியைக் கொண்டுவந்தது. 1991 முதல் 2002 வரை வந்த மூன்றாம் தலைமுறை ஆர்எக்ஸ்-7-இல் இரண்டு டர்போக்கள். என்ஜின் கலவையை அமுக்கும் விகிதம் 9-க்கு 1. அதற்கு மேல் டர்போ தரும் கூடுதல் அழுத்தமான பூஸ்ட் ஏறத்தாழ 0.7 பார். ரோட்டர் சுழலும் திசையில் தீச்சுடர் வேகமாக ஓடிவிடும். அறையின் பின்முனையில் இருக்கும் கலவைக்கு அது தாமதமாகத்தான் போய்ச் சேரும். டர்போவின் அழுத்தத்திலும் சூட்டிலும் அவ்வளவு நேரம் பொறுக்க முடியாமல் அந்தக் கலவை தானே வெடித்தால், அதுதான் நாக்கிங்.

பிஸ்டன் என்ஜின் கொஞ்சம் நாக்கிங்கைத் தாங்கிக்கொள்ளும். ரோட்டரிக்கு அந்தப் பொறுமை இல்லை. ரோட்டரின் மூன்று முனைகளிலும் அறைகளைப் பிரித்து நிற்கும் அபெக்ஸ் சீல் வெறும் 2 மில்லிமீட்டர் தடிமன். ஒரு சீல் இரண்டு அறைகளுக்குப் பொதுவானது. அது உடைந்தால் இரண்டு அறைகளிலும் கம்ப்ரஷன் (அமுக்கம்) போய்விடும். உடைந்த துண்டு உட்சுவரைக் கீறிவிட்டு எக்ஸாஸ்ட் வழியாக வெளியேறும்போது டர்போவின் இறக்கைகளையும் பதம் பார்க்கும். பெட்ரோலில் மிச்சம் பிடித்த காசு இந்தப் பழுதுச் செலவில் ஒரு மூலைக்குக்கூடக் காணாது.

ஆக்டேன் எண் சக்தியின் அளவு அல்ல. எரியும் வேகத்தின் அளவும் அல்ல. தானாக வெடிக்காமல் எவ்வளவு தாங்கும் என்பதுதான் அது. ஐசோ-ஆக்டேனுக்கு 100, ஹெப்டேனுக்கு 0 என்று வைத்து அளக்கிறார்கள். உயர் ஆக்டேன் மெதுவாக எரியும், கரி படியவிடும் என்று பயமுறுத்துபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இன்னொரு குழப்பம், நாட்டுக்கு நாடு மாறும் எண். ஜப்பானிலும் இந்தியாவிலும் பெட்ரோல் பங்கில் காண்பது ஆர்ஓஎன் என்ற சோதனையின் எண். அமெரிக்காவில் ஆர்ஓஎன், அதைவிடக் கடுமையான எம்ஓஎன் என்ற இரண்டு சோதனைகளின் சராசரியைப் போடுகிறார்கள். கலிபோர்னியாவின் 91-உம் சென்னை பங்கில் கிடைக்கும் 95-உம் ஏறக்குறைய ஒன்றே. ஜப்பானில் ‘ஹை ஆக்’ என்ற பெயரில் 100-ஐ ஒட்டிய பெட்ரோல் விற்கிறது. ஆர்எக்ஸ்-7-க்கு அங்கே மாஸ்டா சொன்னது அதைத்தான்.

ரோட்டரிக்கே உரிய சங்கடம் ஒன்றும் உண்டு. சீல்கள் தேயாமல் இருக்க என்ஜினே அறைக்குள் சிறிது ஆயிலைச் செலுத்துகிறது. பலர் டூ-ஸ்ட்ரோக் ஆயிலையும் டேங்கில் கலக்கிறார்கள். நானும் கலக்கச் சொல்பவன்தான். ஆனால் ஆயில் எரியும்போது கலவையின் தாங்குதிறன் சற்றுக் குறையும். பங்கில் எழுதியிருக்கும் எண் முழுதாக என்ஜினுக்குள் போய்ச் சேருவதில்லை. இந்தக் குறையை டப்பாவில் விற்கும் ஆக்டேன் பூஸ்டர் ஈடுகட்டும் என்று நம்பாதீர்கள். “ஐந்து பாயிண்ட் ஏறும்” என்று அவர்கள் சொன்னால் பெரும்பாலும் 0.5 என்றே பொருள். சிலவற்றில் இருக்கும் மாங்கனீசு, ஸ்பார்க் பிளக்குகளில் செந்நிறமாகப் படியும்.

அதே சமயம், நல்ல பெட்ரோல் போட்டுவிட்டோம், இனிப் பயமில்லை என்று இருப்பதும் ஆபத்து. புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டு அகலமான எக்ஸாஸ்ட் மாட்டினால், இந்தக் காரில் பூஸ்ட் கட்டுப்பாட்டை மீறி ஏறும். அதற்கு ஈடாக இன்ஜெக்டர்களால் பெட்ரோல் தர முடியாதபோது கலவை வறண்டுபோகும். அந்த நிலையில் ‘ஹை ஆக்’கும் காப்பாற்றாது. 85 விழுக்காடு வரை எத்தனால் கலந்த இ85 எரிபொருள் நன்றாகக் குளிர்விக்கும், நன்றாகத் தாங்கும். ஆனால் பெட்ரோலைவிடச் சுமார் 30 விழுக்காடு கூடுதலாகச் செலுத்த வேண்டும். அதற்கேற்ற பம்பும் இன்ஜெக்டரும் டியூனிங்கும் (என்ஜின் அமைப்புகளைச் சரிசெய்வதும்) இல்லாமல் அதை ஊற்றுவது தற்கொலை.

என் கருத்து இதுதான்: பங்கில் கிடைப்பதில் உயர்ந்ததைப் போடுங்கள், டியூனிங்கை மட்டும் உங்கள் ஊரில் அன்றாடம் கிடைக்கும் பெட்ரோலை வைத்தே செய்யுங்கள்.

அமெரிக்காவில் இருக்கும் நண்பர்களுக்குத் தனியாக ஒன்று. 25 ஆண்டு கடந்த வெளிநாட்டுக் கார்களை இறக்குமதி செய்ய விடும் விதி வழியாக 1999-ஆம் ஆண்டின் 280 குதிரைத்திறன் கார்களும் இப்போது ஜப்பானிலிருந்து வந்து இறங்குகின்றன. ஜப்பானிலேயே கூடுதல் பூஸ்ட்டுக்கு டியூன் செய்யப்பட்ட கார் என்றால், அது 100-ஐ நம்பிச் செய்த வேலையாகவே இருக்கும். துறைமுகத்திலிருந்து எடுத்ததும் 91-ஐ நிரப்பி நெடுஞ்சாலையில் மிதிக்காதீர்கள். முதலில் கம்ப்ரஷன் பாருங்கள், பூஸ்ட்டைக் குறையுங்கள், ரோட்டரி தெரிந்த ஒருவரிடம் உள்ளூர் பெட்ரோலுக்கு டியூன் செய்து வாங்குங்கள். அதுவரை மெதுவாகவே ஓட்டுங்கள்.