ஆளை எடுத்துவிட்டு நேயரிடம் காசு கேட்காதீர்கள்

நம் அமெரிக்க இசை வானொலி நிலையம் நேயர்களுக்கு விட்ட அறிவிப்பை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நள்ளிரவு முதல் காலை ஆறு வரை இனி ஸ்டூடியோவில் ஆள் கிடையாது, எல்லாம் ஆட்டோமேஷன், அதாவது கணினி மென்பொருளே பாட்டுகளை வரிசையாகப் போடும். 'இசை தடையின்றித் தொடரும்' என்று ஆறுதல் வேறு. அமெரிக்காவில் வணிக நோக்கற்ற உரிமம் வாங்கிய வானொலி விளம்பரம் போட முடியாது. பெரும்பாலும் நேயர்கள் மாதாமாதம் கட்டும் காசில்தான் இந்த நிலையம் ஓடுகிறது. பாட்டு எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும். நேயர் காசு கொடுப்பது அதைத் தேர்ந்தெடுக்கிற ஆளுக்காக.

தடையின்றி என்கிறார்களே, அதையாவது பார்ப்போம். மென்பொருளில் ஒவ்வொரு பாட்டுக்கும் 'அடுத்தது இங்கே தொடங்கட்டும்' என்று ஒரு குறி உண்டு. ஆயிரக்கணக்கான கோப்புகளுக்கு யாரும் உட்கார்ந்து கேட்டுக் குறி வைப்பதில்லை. சத்தம் இத்தனை டெசிபலுக்குக் கீழே போனால் பாட்டு முடிந்தது என்று மென்பொருளே முடிவு செய்துகொள்ளும். ராக் பாட்டுக்குப் பரவாயில்லை. பியானோவின் கடைசி ஸ்வரம் மெல்லத் தேயும் பதிவில், அது அடங்கும் முன்பே அடுத்த பாட்டின் டிரம்ஸ் வந்து மேலே விழும். சரி, அந்த அளவைத் தாழ்த்தி வைக்கலாம் என்றால், பழைய இசைத்தட்டின் கரகரப்பையும் பாட்டு என்று எடுத்துக்கொண்டு கடைசி வரை காத்திருக்கும். ஆள் இருந்தால் காதில் கேட்டு ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரைத் தள்ளுவார், அவ்வளவுதான் வேலை. நேற்று தபாலில் வந்த ஏழு அங்குலத் தட்டையும் அவர் அப்படியே டர்ன்டேபிளில் வைத்துவிடுவார். கணினியில் ஏற்றி, வகை குறித்து, பட்டியலில் சேர்க்காத வரை மென்பொருளுக்கு அப்படி ஒரு பாட்டே இல்லை.

'பணம் இல்லாமல் என்ன செய்வார்கள்?' என்று கேட்பீர்கள். நெருக்கடி உண்மைதான். 2025 ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றம் பொது ஒலிபரப்புக்கான 110 கோடி டாலரை ரத்து செய்தது. அந்தப் பணத்தை நிலையங்களுக்கு மானியமாகப் பகிர்ந்து தந்த பொது ஒலிபரப்புக் கழகம் அடுத்த மாதமே மூடப்போவதாக அறிவித்தது. பொது வானொலிகளுக்கான இசை உரிமங்களை மொத்தமாகப் பேசி முடித்துவந்ததும் அந்தக் கழகம்தான். ஆகவே இசை நிலையங்களுக்கு அடி இன்னும் பலம். ஆனால் இரவுத் தொகுப்பாளர்கள் தன்னார்வலர்கள். சம்பளமே வாங்காதவரை வீட்டுக்கு அனுப்பி எதை மிச்சம் பிடித்தீர்கள்?

'ராத்திரி இரண்டு மணிக்கு யார் கேட்கிறார்கள்?' என்பதற்கு எனக்குப் பதில் சொல்லவே மனமில்லை. நைட் ஷிஃப்ட்டில் இருப்பவரும் காசு கட்டுகிறார்.

இது புதுக்கதையும் அல்ல. 1992இல் சியாட்டிலின் கே.சி.எம்.யு. வானொலி (இன்றைய கே.இ.எக்ஸ்.பி.) தன்னார்வலர்களின் நேரத்தை எடுத்து வெளியூர் நிகழ்ச்சியான 'வேர்ல்ட் கஃபே'க்குக் கொடுத்தது. அதை ஒலிபரப்பில் விமர்சிக்கக் கூடாது என்று விதியும் இருந்தது. மீறிப் பேசியவர்களை நீக்கினார்கள். நேயர்கள் திரண்டு நன்கொடையை நிறுத்தச் சொன்னார்கள். அந்த விதி பேச்சுரிமைக்கு எதிரானது என்று 1994இல் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசுப் பல்கலைக்கழகத்தின் நிலையம் என்பதால்தான் அந்தப் பேச்சுரிமை வழக்கு எடுபட்டது. தனியார் அறக்கட்டளை நடத்தும் நிலையத்தில் அந்தக் கதவும் இல்லை.

கழகத்தின் மானியம் வாங்கிய காலத்தில் நிலையம் நிர்வாகக் குழுக் கூட்டத்தைப் பொதுமக்களுக்குத் திறந்து வைக்க வேண்டியிருந்தது, அது சட்டம். மானியமே போனபின் அந்தக் கட்டாயத்தை நினைவூட்ட நேயரைத் தவிர யார் இருக்கிறார்கள்? கார்டு காலாவதியாகிறது, புதுப்பியுங்கள் என்று மெயில் வரும்போது அதற்கே பதில் போடுங்கள். அடுத்த கூட்டம் எந்தத் தேதி, ஆளில்லாத அந்த ஆறு மணி நேரம் அதில் விவாதத்துக்கு வருமா என்று கேளுங்கள்.