ஒரு பொத்தான் வைத்தால் குடியா முழுகிவிடும்?

காலை ஆறேகால் மணி. கத்திரி தொடங்கி ஒரு வாரம். சென்னையில் மே மாதம் வாக்கிங் போகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, இரண்டாவது சுற்றிலேயே சட்டையைப் பிழிந்தால் ஒரு டம்ளர் தேறும். அந்த நிலைமையில், சட்டையில் மாட்டியிருந்த மியூசிக் பிளேயரில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பாட்டை நிறுத்தப் பார்த்தேன். நான்கு நிமிடம் போராடினேன். அதற்குள் பாட்டே முடிந்துவிடும் என்கிறீர்களா? முடிந்தது. அடுத்தது ஆரம்பித்தது. அதையும் நிறுத்த முடியவில்லை.

போனிலேயே கேட்டுத் தொலைக்கலாமே என்று ஆரம்பிக்காதீர்கள். போனோடு போனால் நான் நடப்பது பாதி, பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து குட்மார்னிங் படங்களுக்குக் கும்பிடு போடுவது பாதி. "ஏங்க, நீங்க நடக்கப் போறீங்களா, போன் பாக்கப் போறீங்களா?" என்று ஒருநாள் கேள்வி வந்தது, மறுநாள் போன் பறிமுதல். அதனால்தான் இந்தக் குட்டிப் பிளேயர். தீப்பெட்டியைவிடச் சின்னது. ஒன்றரை அங்குலத் தொடுதிரை, பின்னால் ஒரு கிளிப், பக்கவாட்டில் ஆன் செய்ய ஒரே ஒரு பொத்தான். மற்ற எல்லாமே தடவல்தான். ஒலியைக் கூட்ட வேண்டுமா, தடவு. குறைக்க வேண்டுமா, தடவு. நிறுத்த வேண்டுமா, தடவித் தடவிச் சாவு.

நல்லதைச் சொல்லாவிட்டால் பாவம் வரும், சொல்லிவிடுகிறேன். சட்டையில் மாட்டினால் மாட்டியிருப்பதே தெரியாது. பாட்டுக்கு நடுவே புகுந்து "சார், லோன் வேணுமா?" என்று யாரும் கேட்பதில்லை. ஐந்து நிமிடப் பாட்டு ஒன்று ஐந்து எம்பிக்குள் அடங்கினால், 8 ஜிபியில் ஏறக்குறைய 1,500 பாட்டு. எனக்கு இளையராஜாவின் எண்பதுகளே ஆயுசுக்கும் போதும். ஒலியிலும் குறை சொல்வதற்கில்லை. நல்லது இவ்வளவுதான், முடிந்தது.

இப்போது அந்த 1,500 பாட்டில் ஒன்றைத் தேடிப் பாருங்கள். திரையில் ஒரு சமயத்தில் நான்கு பெயர்தான் தெரியும். அதாவது கடைசிப் பாட்டுக்குப் போக 374 தடவை தள்ள வேண்டும். தள்ளினால் தள்ளியதாக எடுத்துக்கொள்ள வேண்டுமே! நான் தள்ளினால் அது "தொட்டான்" என்கிறது. தொட்டால் "தள்ளினான்" என்கிறது. கையை எடுத்தால் மட்டும் சரியாகப் புரிந்துகொண்டு திரையை அணைத்துவிடுகிறது. பெயர்களைப் படிக்கும் அழகு தனி. தமிழில் பெயர் இருந்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், எழுத்து நடுவில் அநாதையாக நிற்கும், அல்லது வரிசையாகக் கட்டம். ஆங்கிலத்தில் இருந்தாலோ, பாடியவர் பெயர் வர வேண்டிய இடத்தில் எந்தக் காலத்திலோ இறக்கிய ஏதோ வலைத்தளத்தின் முகவரி. (இது பிளேயரின் தவறில்லை, என் தவறு. ஆனால் நான் கோபத்தில் இருக்கிறேன்.)

ஸ்கேல் எடுத்து அளந்தே பார்த்தேன். ஒன்றரை அங்குலம் என்பது மூலைக்கு மூலை. சதுரத்தின் ஒரு பக்கம் 2.7 சென்டிமீட்டர்தான். என் கட்டைவிரல் அகலம் 2 சென்டிமீட்டர். விரலை வைத்தபின் எனக்குப் பார்க்க மிஞ்சுவது 7 மில்லிமீட்டர். இதில் முன்னால் போக ஓர் அம்பு, பின்னால் போக ஓர் அம்பு, நடுவில் நிறுத்த இரட்டைக்கோடு, கீழே பாட்டு நகரும் கோடு, மூலையில் பல்சக்கரம். வடிவமைத்தவர் சுட்டுவிரலால் எறும்புக்குப் பொட்டு வைத்துப் பழகியவராக இருக்க வேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மூன்றாவது சுற்று. எங்கள் குடியிருப்பின் மூன்றாம் மாடி சார் எதிரே வருகிறார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், மரியாதை தெரிந்தவர். "சார், ஒரு நிமிஷம்" என்று வாய் அசைவது தெரிகிறது, சத்தம் கேட்கவில்லை. காதில் தவில். நானும் புன்னகையோடு தலையை ஆட்டிவிட்டுப் பிளேயரை எடுத்தேன். பக்கத்துப் பொத்தானை அழுத்தினேன், திரை விழித்தது. பூட்டைத் திறக்க மேலே தள்ளச் சொன்னது. தள்ளினேன். ஈர விரல், வழுக்கியது. மறுபடி தள்ளினேன். திறந்தது. அதற்குள் நெற்றியிலிருந்து ஒரு சொட்டு வியர்வை நேராகத் திரை நடுவில் விழுந்தது.

இந்தத் திரைகளின் சூட்சுமம் அதுதான். அழுத்தம் அதற்குத் தெரியாது. நம் உடம்பு மின்சாரத்தைக் கடத்தும் என்பதை வைத்துத்தான் விரல் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கிறது. உப்பு கலந்த வியர்வையும் மின்சாரத்தைக் கடத்தும். ஆக, அதன் கணக்கில் என் விரல் ஒன்று, என் வியர்வை ஒன்று, இரண்டு பேர் சேர்ந்து இயக்குகிறோம். என் விரல் நிறுத்து என்கிறது, வியர்வை அடுத்த பாட்டு என்கிறது. வியர்வை சொன்னதைத்தான் கேட்டது.

துடைத்தேன். எதில் துடைப்பது? சட்டை ஈரம். கைக்குட்டை அதைவிட ஈரம். துடைத்த வேகத்தில் திரை முழுக்கத் தண்ணீர்ப் பூச்சு, ஒலி உச்சத்துக்குப் போய்விட்டது. இந்த ஊரில் இருக்கிற நாதஸ்வரம் எல்லாம் என் காதுக்குள். தலைமையாசிரியர் பேசிக்கொண்டே இருக்கிறார். நான் "ஆமா சார், ஆமா சார்" என்கிறேன். இயர்போனைப் பிடுங்க வேண்டியதுதானே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது, வீட்டுக்கு வந்து குளிக்கும்போது. அந்த நேரத்தில் இது மானப் பிரச்சினை. நானா இந்தத் தீப்பெட்டியா, பார்த்துவிடலாம் என்று மறுபடி தட்டினேன். பல்சக்கரம் திறந்தது. தட்டினேன், ஏதோ பட்டியல். தட்டினேன், எல்லாம் சீன எழுத்தாக மாறிவிட்டது.

சீனம்! மெனு முழுக்கச் சீனம். பாட்டு மட்டும் தமிழில் பாடிக்கொண்டிருக்கிறது. தலைமையாசிரியர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார், முகமெல்லாம் மகிழ்ச்சி. நானும் குலுக்கினேன். போய்விட்டார். எதற்குக் குலுக்கினார் என்று யோசிக்கும் நிலையில் நான் இல்லை.

வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம். பல்சக்கரம் தெரிகிறது, உள்ளே ஒன்பது வரி, அதில் எது மொழி? கடைசியில் போன் கேமராவைக் காட்டி மொழிபெயர்த்துத்தான் மீட்டேன். போனைத் தொடாமல் இருப்பதற்காக வாங்கிய பெட்டியை இயக்குவதற்குப் போன். மனைவி ஒன்றும் சொல்லவில்லை, காபியை வைத்துவிட்டுப் போனார். சொல்லியிருந்தாலே தேவலாம்.

பொத்தான் இருந்த காலத்தில் இந்தக் கூத்து உண்டா? 1979இல் வாக்மேன் வந்தது. பாக்கெட்டுக்குள் கைவிட்டு, பார்க்காமலே, டக். நின்றது. 2001இல் ஆப்பிளின் ஐபாட் ஒரு சக்கரத்தோடு வந்தது, கண்ணை மூடிக்கொண்டு சுற்றலாம். 2010இல் அதே ஆப்பிள் தன் குட்டி ஐபாடான நானோவைச் சதுரமாக்கிச் சக்கரத்தைத் தூக்கிவிட்டுத் தொடுதிரை வைத்தது. பார்க்க அழகுதான், வார் போட்டுக் கைக்கடிகாரமாகக் கட்டிக்கொண்டு திரிந்தவர்கள் உண்டு. இரண்டே வருடம். 2012இல் வந்த அடுத்த நானோவில் திரையும் பெரிதானது, ஒலிப் பொத்தான்களுக்கு நடுவே பாட்டை நிறுத்த ஒரு பொத்தானும் முளைத்தது. அவர்களே திரும்பி வந்துவிட்டார்கள் ஐயா! இப்போது ஐபாடே கிடையாது, 2022இல் கடையை மூடியாகிவிட்டது. இவ்வளவும் நடந்து முடிந்தபின், என் பிளேயரைச் செய்த மகராசன் மட்டும் முதல் வகுப்பிலிருந்து ஆரம்பிக்கிறான்.

சாயங்காலம் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் வரிசையாகப் பூங்கொத்து. வாழ்த்துகள் சார், பொருத்தமான ஆள் சார். மேலே தள்ளிப் பார்த்தால் (போனில் தள்ளினால் தள்ளுகிறது) தலைமையாசிரியர் எழுதியிருக்கிறார்: நம் சங்கத்தின் பொருளாளர் பொறுப்பை ஏற்கக் காலையில் பெருந்தன்மையுடன் சம்மதித்த நண்பருக்கு நன்றி.

ஆமா சார், ஆமா சார்.

மறுக்கத்தான் போனேன். அவர் மேசையில் நோட்டுப் புத்தகத்தை எடுத்து வைத்திருந்தார், கூடவே ஒரு மஞ்சள் பை நிறைய ரசீது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவர் அதையும் சம்மதமாகவே எடுத்துக்கொண்டார். இப்போது அந்த நோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தண்ணி லாரிக்குப் பணம் கொடுத்தாக வேண்டும், இரண்டாம் மாடியில் ஒருவர் பிப்ரவரியிலிருந்து மெயின்டனன்ஸ் கட்டவில்லை. கேட்டால் லிப்டை நான் உபயோகிப்பதே இல்லையே என்கிறாராம். இரண்டாம் மாடிக்கு எதில் போகிறீர் ஐயா, பறந்தா? நேற்றுக்கூட ஃபிரிட்ஜ் வந்து இறங்கியது, அதுவும் படியேறியா போனது?