ஸெனாகிஸும் கம்ப்யூட்டரும்

கிரேக்க இசையமைப்பாளர் யானிஸ் ஸெனாகிஸைப் பற்றி, "அவர் வெறும் கட்டடப் பொறியாளர், இசை படிக்காதவர், கம்ப்யூட்டர் எழுதிக் கொடுத்ததைத் தன் பெயரில் போட்டுக்கொண்டார்" என்கிறார் நண்பர். ஏதென்ஸில் பொறியியல் படித்ததும், 1947-இல் பாரிஸுக்குத் தப்பி வந்து கட்டடக் கலைஞர் லெ கார்புசியேவிடம் வேலை பார்த்ததும் உண்மை. மற்றது தப்பு. அவருக்குப் பெயர் வாங்கித் தந்த 'மெட்டாஸ்டாசிஸ்' என்ற வாத்தியக் குழு இசை 1955-லேயே அரங்கேறிவிட்டது. அதன் கணக்கெல்லாம் கையால் போட்டது, வயலின்களின் வழுக்கல்களை (ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு இடைவிடாமல் சறுக்குவதை) வரைபடத்தாளில் கோடு கோடாக இழுத்துப் பார்த்தது. கம்ப்யூட்டர் அவர் வேலைக்குள் வந்ததே 1962 வாக்கில்தான். அப்போதும் சுரங்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்தகவு விதிகளை வகுத்தது அவர். எந்திரம் கணக்குப் போட்டது, அவ்வளவே. இசை படிக்காதவராம்! பிரெஞ்சு இசையமைப்பாளர் மெஸ்ஸியானின் வகுப்பில் உட்கார்ந்தவர், பிற்பாடு அமெரிக்காவில் இந்தியானா பல்கலைக்கழகத்திலும் பாரிஸ் சோர்போனிலும் பாடம் நடத்தியவர். அவர் இசை காதுக்குக் கரடுமுரடாக இருக்கிறது என்று சொல்லுங்கள், அதில் எனக்குச் சண்டையில்லை.